மறுமுறையும் எழுதுவதா?

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எப்பொருள்பற்றிப் பேசலாம் என்று நாம் வினவியபொழுது வாலிபர்கள் தயங்காது சொன்ன பொருள் இதுதான்: க.பொ.த. உயர்தரப் பரீட்சையை மறுமுறையும் எழுதுவதா, விடுவதா?

பெறுபேறு வெளியாகும் கிழமையில் தலைமன்னார் முதல் முசலி வரை, பேசாலை முதல் மடு வரை இந்த வினா எழாத ஊர் இல்லை. வினா சிறியது, அதன் விலையோ ஒரு வருடம். சில வீடுகளில் அந்த ஒரு வருடம் தம்பியின் படிப்புச் செலவு. சில வீடுகளில் அக்காளின் கழுத்துச் சங்கிலி. சில வீடுகளில் தகப்பனோடு கடலுக்குப் போகவேண்டிய இரண்டு கைகள். ஆகவே எல்லாருக்கும் பொதுவாக "எழுது" என்றோ "விடு" என்றோ ஒரு வாக்குக் கூறிவிட்டுப் போக நாம் வரவில்லை. இம்முடிவை எவ்வாறு ஆராய்ந்து எடுப்பது என்பதையே பேச விரும்புகின்றோம்.

பரீட்சை எமக்குப் புதியதன்று. 1857 ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபொழுது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் யாழ்ப்பாணத்தவரே. பின்னர் லண்டன் பரீட்சைகள் வந்தன. 1921 இல் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் வந்தன. நிலமும் வியாபாரமும் குறைந்த குடும்பங்களுக்குப் பரீட்சையே ஏணியாயிற்று. அதனாலேதான் அந்த ஏணியின் ஒரு படி வழுக்கினால் வீடே வழுக்கியதுபோல நாம் கலங்குகின்றோம்.

"தரப்படுத்தல்" என்ற சொல் எம்மவருக்கு ஒரு பழைய புண்ணையும் நினைவூட்டும். 1970 இல் மருத்துவக் கல்விக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோருக்கு 250 புள்ளி வேண்டும் என்றும், சிங்களமொழி மூலம் தோற்றியோருக்கு 229 போதும் என்றும் வகுத்தனர். அதன் விளைவுகளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தபொழுது, மன்னார் போன்ற வசதி குறைந்த மாவட்டங்களுக்குச் சில கதவுகள் திறந்தன என்பதையும் மறைக்கலாகாது. இவ்வரலாற்றை நாம் எடுத்துச் சொல்வது ஒரு காரணத்துக்காக. புள்ளி என்பது மாணவனின் அறிவை மாத்திரம் காட்டுவதன்று. அதைக் கணிக்கும் முறையையும் சேர்த்தே காட்டுவது. இதை அறியாதவர் தமது பெறுபேற்றைக் கண்டு தம்மையே வெறுத்துக்கொள்வர்.

இன்றைய கணக்கு முறையைச் சற்றுப் பார்ப்போம். 2000 ஆம் ஆண்டிலிருந்து உயர்தரத்திலே மூன்று பாடங்கள். 2001 ஆம் ஆண்டுப் பரீட்சையோடு இசற் புள்ளி வந்தது. பேராதனைப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்வைத்த முறை அது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, வரும் மிச்சத்தை நியம விலகலாற் பிரிப்பது; மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு வருவனவற்றின் சராசரியே உங்கள் இசற் புள்ளி. ஓர் உதாரணம் சொல்வோம். ஒரு பாடத்தின் சராசரி 40, விலகல் 15. நீங்கள் எடுத்தது 70. அப்போது உங்கள் இசற் புள்ளி 2. இன்னொரு பாடத்தின் சராசரி 60, விலகல் 10. அதிலும் 70 எடுத்தீர்கள். இங்கே இசற் புள்ளி 1 தான். இரண்டும் எழுபதே, பெறுமதியோ ஒன்று மற்றதன் இரட்டிப்பு. "நான் எவ்வளவு எடுத்தேன்" என்பதைவிட "என்னோடு எழுதியவர்கள் எவ்வளவு எடுத்தார்கள்" என்பதே இங்கு பேசும்.

இதன் கூர்மையை நாடு 2011 இல் உணர்ந்தது. அவ்வாண்டு முதன்முறை எழுதியோர் புதிய பாடத்திட்டத்திலும், மறுமுறை எழுதியோர் பழைய பாடத்திட்டத்திலும் தோற்றினர். இரு கூட்டத்தாருக்கும் ஒரே கணக்குப் போட்டு இசற் புள்ளி வழங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. இவ்விரண்டும் வெவ்வேறு கூட்டங்கள், தனித்தனியே கணித்தல் வேண்டும் என்று 2012 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நீதிமன்றம் தீர்த்தது. எழுதிய விடைத்தாள் மாறவில்லை, கணக்கு மாறியது, பலருடைய இடம் மாறியது. மறுமுறை எழுத நினைப்போர் இதை மனதில் வைக்கவேண்டும். அடுத்த தடவை நீங்கள் போட்டியிடுவது பழைய உங்களோடன்று, வேறொரு கூட்டத்தோடு.

இனி எமது மாவட்டக் கணக்கு. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 இடம் மாவட்டங்களின் குடித்தொகைப்படியும், 5 இடம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. மன்னார் அப்பதினாறில் ஒன்று. 2012 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி எமது மாவட்டத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். நாட்டிலே இரண்டு கோடிக்குச் சற்று மேல். அதாவது இருநூறில் ஒரு பங்கு. நாடு முழுவதற்கும் ஆயிரம் இடமுள்ள ஒரு கற்கைநெறியை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டங்களுக்குரிய 550 இல் மன்னாருக்கு மூன்று இடமும் தேறாது. மேலதிகமான 50 இல் ஓர் இடமும் முழுதாய்த் தேறாது. இரண்டும் சேர்ந்து மூன்று அல்லது நான்கு.

இதிலிருந்து ஒரு பெரிய உண்மை வெளிப்படுகின்றது. மூன்று நான்கு இடங்களுக்குரிய வெட்டுப்புள்ளி மலைபோல ஓரிடத்தில் நிற்பதன்று. அது எமது கடற்கரை மணற்றிட்டுப்போல வருடந்தோறும் இடம் மாறும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இருவர் ஒரு வருடம் கூடுதலாகத் தோற்றினாலே கோடு மேலேறிவிடும். ஆகையால், "போன வருட மன்னார் வெட்டுப்புள்ளிக்கு இன்னும் 0.05 தானே குறைவு, அடுத்த முறை நிச்சயம்" என்று எண்ணி ஒரு வருடத்தை ஈடுவைப்பது ஆபத்து. எட்டவேண்டிய இடம் அந்தக் கோட்டுக்கு நன்றாய் மேலே இருக்கவேண்டும்.

விதிகளையும் மறவாதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே கணக்கு. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்விற் சித்தியடைதல் வேண்டும். இம்முறை ஒரு பாடம், அடுத்த முறை இன்னொரு பாடம் என்று கூட்டிச் சேர்க்க இயலாது. பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும். ஒவ்வோராண்டு அனுமதிக்கும் அவ்வாண்டுக்குரிய பெறுபேறே எடுக்கப்படும். பழைய நல்ல புள்ளியைப் பெட்டியிற் பூட்டி வைத்து அடுத்த வருடம் காட்ட முடியாது. ஒரு பல்கலைக்கழகத்திற் பதிந்த பின்பு புதிய பெறுபேற்றைக் கொண்டு மீண்டும் அனுமதி கேட்க இயலாது என்பது பொதுவிதி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் இவை யாவும் உள. கடைத்திண்ணையிற் கேட்டதை நம்பாது அந்நூலை வாசியுங்கள்.

காலக்கணக்கும் நெருக்கமானது. 2023 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2024 சனவரியில் நடந்தது; பெறுபேறு மே மாத இறுதியில் வந்தது; அடுத்த பரீட்சை அதே ஆண்டு நவம்பர் 25 இல் தொடங்கியது. இடையிலே ஆறு மாதமும் முழுதாக இல்லை. வெட்டுப்புள்ளி வெளியாகுமுன்னரே அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் திகதி வந்துவிடுவதுமுண்டு. அப்படி எழுதப் போனாலும் இயற்கை விட்டதா? 2024 இல் வெள்ளத்தினாலும், 2025 இல் டித்வாச் சூறாவளியினாலும் பரீட்சை நடுவிலே நிறுத்தப்பட்டது. மல்வத்து ஓயா பெருகினால் எமது பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமும் மிஞ்சாத நாளுண்டு.

இவ்வளவும் அறிந்தபின், முடிவெடுக்க விரும்பும் பிள்ளை தன்னைத்தானே கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு என்போம்.

முதலாவது: ஏன் குறைந்தது? இதற்குப் பெயர் சொல்லக்கூடிய விடை இருக்கவேண்டும். காய்ச்சலோடு எழுதினேன், வீட்டிலே சாவு விழுந்தது, இரசாயனவியலுக்கு எட்டு மாதம் ஆசிரியர் இல்லை, நேரம் போதாமல் கடைசி இரு வினாக்களை விட்டேன், பிறர் சொற்கேட்டுப் பொருந்தாத பாடம் எடுத்தேன். இப்படி ஒரு காரணம் கிடைத்தால் அதற்கு ஒரு மருந்தும் கிடைக்கும். "படித்தேன், ஆனால் வரவில்லை" என்பது மாத்திரமே விடையானால், அடுத்த முறை என்ன மாறப்போகின்றது? அதே மேசை, அதே கொப்பி, அதே படிப்பு முறை. பெறுபேறு மாத்திரம் வேறாய் வருமென எதிர்பார்ப்பது நியாயமன்று. எது மாறும் என்று ஒரு வசனத்தில் எழுதிக் காட்ட முடியாதவர் மறுமுறை எழுத இன்னும் ஆயத்தமாகவில்லை என்க.

இரண்டாவது: வந்த புள்ளி உங்கள் வழமையான நிலையா, அதற்குக் கீழா, மேலா? 1886 இல் பிரான்சிஸ் கோல்ற்றன் என்ற ஆங்கில அறிஞர் பெற்றோர் பிள்ளைகளின் உயரத்தை அளந்து ஓர் உண்மையைக் காட்டினார். மிக நெட்டையான பெற்றோரின் பிள்ளைகள் பொதுவாக அவ்வளவு நெட்டையாய் இருப்பதில்லை. மிகக் கட்டையான பெற்றோரின் பிள்ளைகள் அவ்வளவு கட்டையாயும் இருப்பதில்லை. இரு சாராரும் நடுவை நோக்கி வருகின்றனர். பரீட்சைக்கும் இது பொருந்தும். ஒரு நாளின் துர்ப்பாக்கியத்தால் தன் நிலைக்கு மிகக் கீழே விழுந்தவர், வேறொன்றும் செய்யாமலே அடுத்த முறை சற்று ஏறுவர். அதிட்டத்தால் மேலே போனவர் சற்று இறங்குவர். இதை அறியாமல் ஏறியவரின் படத்தைப் போட்டு விளம்பரஞ் செய்யும் ரியூட்டரிகளும் உண்டு. இறங்கியவரின் படத்தை எவரும் போடுவதில்லை.

உங்கள் வழமையான நிலையை அறிவது கடினமன்று. கடந்தகால வினாத்தாள்கள் மூன்றை எடுங்கள். கடிகாரம் வைத்து, புத்தகம் மூடி, உரிய நேரத்துக்குள் எழுதுங்கள். நீங்களே திருத்தாமல் ஓர் ஆசிரியரிடம் கொடுங்கள். மூன்றிலும் வருவது பரீட்சையில் வந்ததைவிட நன்றாய் மேலே நின்றால், அது மறுமுறை எழுதத் தக்க சான்று. மூன்றும் பழைய இடத்தையே காட்டினால், அதுவும் சான்றுதான். அதை ஏற்பதில் அவமானமில்லை.

மூன்றாவது: எதற்கு எவ்வளவு வேண்டும்? எமது பிள்ளைகளில் உளவியல் கற்க விரும்புவோர் உளர். நல்ல விருப்பம். 2009 வரை நீடித்த போரும் இடப்பெயர்வும் காணாமற்போனோரின் துயரும் இப்பகுதியில் எத்தனை நெஞ்சங்களைத் தாக்கின என்பதைப் பெரியோர் அறிவர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் அத்துயரைத் தமிழிலேயே எழுதி வைத்தனர். தமிழிற் பேசி ஆற்றும் உளவளத்துணையாளர் இன்னும் எத்தனையோ பேர் வேண்டும். அப்படியான ஒரு பிள்ளை, மருத்துவத்துக்குக் கிட்டவில்லையே என்று மூன்றாந் தடவையும் விஞ்ஞானம் எழுதிக்கொண்டிருப்பது ஏன்? பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிற் கலைப்பீடங்களினூடாக உளவியல் கற்கலாம். போகவேண்டிய ஊர் எது என்று தெரிந்தபின் வண்டிச்சத்தம் எவ்வளவு என்று கேட்பதே முறை.

பட்டம் பெற்றபின் அமெரிக்காவில் உளவியல் உயர்கல்விக்கு முயல்வோருக்கும் இதே வினாவே வருகின்றது. அங்கே ஜி.ஆர்.ஈ. என்னும் பொதுப் பரீட்சை உண்டு. உளவியலுக்குத் தனிப் பாடப் பரீட்சையும் உண்டு. பொதுப் பரீட்சையின் மொழிப் பகுதிக்கும் கணிதப் பகுதிக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை புள்ளி. 21 நாள் கழிந்தால் மறுபடி எழுதலாம். பன்னிரண்டு மாதத்தில் ஐந்து தடவை வரை எழுதலாம். புள்ளி ஐந்தாண்டு செல்லும். நல்லதை மாத்திரம் தெரிந்தனுப்பவும் இடமுண்டு. எமது உயர்தரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு தாராளம்! ஆயினும் ஒரு தடவைக்கு இருநூறு டொலருக்கு மேற் கட்டணம். ஒரே ஆள் மறுமுறை எழுதினால், அறிவு கூடாமலும் குறையாமலும், ஓரிரு புள்ளி ஏறி இறங்குவது இயல்பு. ஆகவே ஓரிரு புள்ளிக்காக மறுபடி எழுதுவது காற்றைப் பிடிப்பது போலாகும். அன்றியும், 2020 க்குப் பின் பல உளவியற் பகுதிகள் அப்பரீட்சையைக் கேட்பதையே விட்டுவிட்டன. எழுதுமுன், சேர விரும்பும் இடம் அதைக் கேட்கின்றதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும்.

நான்காவது: இந்த வருடத்தை யார் சுமக்கிறார்கள்? இதைப் பிள்ளை மாத்திரமன்றிப் பெற்றோரும் கூடியிருந்து பேசவேண்டும். யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ அறை எடுத்துப் படிக்கும் செலவு எவ்வளவு, எங்கிருந்து வரும், எந்த மாதத்தோடு நிற்கும் என்று கடதாசியில் எழுதுங்கள். மகனுக்கு மூன்று தடவை, மகளுக்கு ஒரு தடவை என்ற கணக்குச் சில வீடுகளில் உண்டு. "அவளுக்கு வயசு போகுது" என்பது அக்கணக்குக்குச் சொல்லும் நியாயம். பரீட்சை மண்டபத்திற் பெண்பிள்ளைக்கு வேறு வினாத்தாள் கொடுப்பதில்லை. வீட்டிலும் வேறு கணக்கு வேண்டாம்.

இந்நான்குக்கும் நேர்மையான விடை கிடைத்தால் முடிவு தானே தெளியும். எழுதுவதென்று முடிவானால், ஒரு கையில் அதையும் மறு கையில் வேறொரு வழியையும் பிடியுங்கள். கிடைத்த பெறுபேற்றுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள். விண்ணப்பத்தையும் அனுப்பி, அடுத்த பரீட்சைக்கும் பதிவு செய்யலாம். கல்வியியற் கல்லூரி, 1980 இல் தோன்றிய திறந்த பல்கலைக்கழகம், தொழிற்றகைமைப் படிகளினூடாகத் தொழிற் பட்டம் வரை செல்லும் வழி, வெளிவாரிப் பட்டம் என்று கதவுகள் பல உள. 2021 முதல் வவுனியாவிலேயே ஒரு தனிப் பல்கலைக்கழகமும் உண்டு.

விடுவதென்று முடிவானால், அதையும் தலைநிமிர்ந்து செய்யுங்கள். கும்பகோணத்து இராமாநுஜன் 1906 இலும் 1907 இலும் எஃப்.ஏ. பரீட்சையில் தவறினார். மூன்றாம் முறையும் அப்பரீட்சையைத் துரத்தவில்லை. தமது கணக்குக் கொப்பியைச் சுமந்துகொண்டு அறிந்தோரைத் தேடிப் போனார். 1912 இற் சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞர் வேலை. 1914 இற் கேம்பிரிட்ஜ். 1918 இல் றோயற் சங்கத்தின் அங்கத்துவம். தவறிய ஒவ்வொருவரும் இராமாநுஜன் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். அவரிடமிருந்து கற்கவேண்டியது வேறு. தவறு தம் கணக்கிலா, பரீட்சையின் அளவுகோலிலா என்று அவர் அறிந்திருந்தார். அந்த அறிவே வேண்டும்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் ஒரு பிள்ளையைக் கண்டால், "தம்பி, இது எத்தனையாந் தடவை?" என்று கேட்பதை விட்டுவிடுவோமாக. அக்கேள்விக்கு அஞ்சியே சிலர் எழுதக்கூடாத பரீட்சையை எழுதுகின்றனர். சிலர் எழுதவேண்டியதை எழுதாது விடுகின்றனர். இன்னுஞ் சிலர் அறைக்கதவைச் சாத்திக்கொள்கின்றனர். பெறுபேற்று நாளில் ஒரு பிள்ளை உண்ணாமல், பேசாமல் இருந்தால் தனியே விடாதீர்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். புள்ளி போனால் ஒரு வருடம். பிள்ளை போனால் யாது செய்வோம்?

சங்கத்து வாலிபர்களே, உங்களால் ஆகக்கூடியவை சில உண்டு. எமது சங்க மண்டபத்தில் மாலை வேளையில் ஓர் அறையை மறுமுறை எழுதுவோருக்கென ஒதுக்குங்கள். பத்தாண்டு வினாத்தாள்களைத் திரட்டிக் கட்டி வையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களை அழைத்து, நேரம் வைத்து எழுதிய விடைகளைத் திருத்துவியுங்கள். கைந்நூலை வாசித்து விளக்க இருவரை நியமியுங்கள். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு மின்விளக்கும் சில மனிதரும் போதும்.

பரீட்சை எமக்கு ஏணியே. ஆனால் ஏணி ஏறுவதற்கேயன்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதற்கன்று. இன்னொரு முறை எழுதுபவர் காரணத்தோடு எழுதட்டும். விடுபவர் காரணத்தோடு விடட்டும். இருவருக்கும் ஒரே மரியாதை கொடுக்கும் ஊராக எமது மன்னார் விளங்கட்டும்.